நாலரை மணிக் கூட்டம்

அந்த மனிதரை மன்னித்துவிடும்படி பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். என் கணவர், எங்கள் சபையின் பாஸ்டர் அம்மா, ஒரு தடவை என் பல் டாக்டர்கூட. நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

அப்போது நான் வண்டலூருக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டெனோவாக இருந்தேன். இரண்டாயிரமாவது வருஷத்துக்கு அப்புறமும் ஸ்டெனோவா என்று கேட்பார்கள். மேஜை மேல் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் பேசுகிற வேகத்திலேயே எழுதுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. குரோம்பேட்டையில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் இரண்டு வருஷம் உட்கார்ந்து ஷார்ட்ஹேண்ட் கற்றவள் நான். யார் வாயிலிருந்து என்ன விழுந்தாலும் என் பென்சில் பிடித்துவிடும்.

ஐந்து மணிக்கு வேலை முடியும். ஐந்தேகாலுக்குக் கம்பெனி வேன் தாம்பரம் வழியாகக் குரோம்பேட்டைக்குப் போகும். மற்ற நாட்களில் ஆறு, ஆறேகாலுக்கெல்லாம் அஸ்தினாபுரத்தில் வீட்டுக்குள் இருப்பேன். வெள்ளிக்கிழமை மட்டும் நேராகச் சர்ச்சுக்குப் போவேன். ஆறரைக்குக் கொயர் பிராக்டிஸ். பதினொரு வருஷமாக அந்தக் கொயரில் பாடிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கிறிஸ்துமஸ் ஆராதனையின் தனிப்பாட்டை எனக்குக் கொடுத்திருந்தார்கள். விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, பின்வாசலிலிருந்து ஒரே ஒருத்தி மெழுகுவர்த்தியோடு முதல் சரணத்தைப் பாடிக்கொண்டே நடந்து வர வேண்டும். எங்கள் சபையில் அதற்காக ஏங்காத பெண் கிடையாது.

அக்டோபரில் புது ஜெனரல் மேனேஜர் வந்தார், எங்களுக்கு ஜி.எம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரையும் திட்டமாட்டார், யார் வேலையிலும் கை வைக்கமாட்டார். ஆனால் பேசுவார். பேசுவதற்கு எதிரில் ஆட்கள் வேண்டும், ஆகவே கூட்டம் போடுவார். சாயந்திரம் நாலரைக்கு. உற்பத்தி, தரம், ஸ்டோர்ஸ், பர்சனல் என்று நாலு பேர் மேஜையைச் சுற்றி, ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நான். வாரத்தில் மூன்று நாள் நிச்சயம். வெள்ளிக்கிழமை தப்பவே தப்பாது.

ஐந்தேகாலுக்கு ஜன்னல் வழியாக வேன் கிளம்புவது தெரியும். அவர் அப்போதுதான் சூடு பிடித்திருப்பார். தன் பழைய கம்பெனியில் கழிப்பறை எவ்வளவு சுத்தம், தான் காலையில் எத்தனை சுற்று நடக்கிறார், டீ இடைவேளையைப் பத்தரைக்கு வைப்பதா பத்து முப்பத்தைந்துக்கு வைப்பதா. இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் இரண்டு கூட்டங்கள் ஆயின. ஆறரைக்கோ ஏழுக்கோ விடுவார். அதற்கு மேல் வண்டலூர் ஸ்டேஷனுக்கு நடந்து, செங்கல்பட்டிலிருந்து எப்போது வருமென்று தெரியாத மின்சார ரயிலுக்காக நிற்பேன். சர்ச்சுக்குப் போய்ச் சேரும்போது ஆர்கனை மூடித் துணி போர்த்தியிருப்பார்கள்.

இரண்டு பிராக்டிஸ் போனதும் அவருடைய அறைக்குப் போய்க் கேட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும், கிறிஸ்துமஸ் வரைக்கும், ஐந்தேகால் வேனுக்கு விட்டுவிட முடியுமா, மறுநாள் சீக்கிரம் வந்து எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். காரணம் கேட்டார். சொன்னேன்.

"பாட்டா?" என்றார். "சினிமாவிலயாம்மா பாடப் போறீங்க?"

பர்சனல் ஆபீசர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேனோ என்னவோ. அன்றைய கூட்டத்தில் அதையே ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டு, பெண்களுக்கு வேலையில் பிடிப்பு ஏன் வருவதில்லை என்று இருபது நிமிஷம் பேசினார். பெயர் சொல்லவில்லை. அறையில் இருந்த ஒரே பெண் நான்தான். அந்த இருபது நிமிஷத்தையும் ஷார்ட்ஹேண்டில் எழுதிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

நாலாவது பிராக்டிஸும் போனபோது கொயர் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், சொல்ல முடியாமல் காபியை ஆறவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தனிப்பாட்டை நர்சிங் படிக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகக் கடைசியில் சொன்னார். கிறிஸ்துமஸ் அன்று மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டு அந்தப் பெண் நடந்து வந்ததைப் பார்த்தேன். நன்றாகப் பாடினாள். அது இன்னும் எரிந்தது. அன்றைய பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. அது எனக்கு இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தேவையில்லாத கூட்டங்களால் வேலை நேரம் வீணாகிறது, ஒவ்வொரு கிளையும் அதைக் குறைக்க வழி காண வேண்டும் என்று ஒரு பக்கம். ஜி.எம். அதை எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். மிகவும் முக்கியமான விஷயம் என்றார். இதற்கென்று ஒரு கமிட்டி போட்டு, வாரா வாரம் வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கூடிப் பேசுவோம் என்றார். யாரும் சிரிக்கவில்லை. எதிரில் இருந்த ஸ்டோர்ஸ்காரர் மட்டும் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார்.

கூட்டம் முடிந்ததும் மினிட்ஸ் எழுதுவது என் வேலை. மினிட்ஸ் என்றால் யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவானது என்ற குறிப்பு. அதுவரை நான் அவருக்காகப் பொய் எழுதி வந்தேன். ஒரு மணி நேரம் அவர் தன் மாமனார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினால், ‘பராமரிப்பு முறைகள் விரிவாக விவாதிக்கப்பட்டன’ என்று நல்ல ஆங்கிலத்தில் ஒரு வரி போடுவேன். எந்த ஸ்டெனோவும் அப்படித்தான் செய்வாள். அவரைப் புத்திசாலியாகக் காட்டிக்கொண்டிருந்தது என் கைதான் என்பது அந்த வெள்ளிக்கிழமை ரயிலுக்கு நின்றபோது எனக்கு உறைத்தது. கையை எடுத்துவிட்டால் போதும்.

அடுத்த வாரத்திலிருந்து உள்ளது உள்ளபடி எழுதினேன். மணி போட்டு எழுதினேன். நாலு முப்பத்தாறுக்குக் கூட்டம் தொடங்கியது. நாலு நாற்பதிலிருந்து ஐந்து இரண்டு வரை ஜி.எம். தன் வீட்டில் வாங்கிய வாஷிங் மெஷினைப் பற்றிப் பேசினார். ஐந்து இரண்டுக்குத் தர அதிகாரி, நேரம் வீணாவதைப் பற்றி இன்னும் பேசவில்லை என்று நினைவூட்டினார். ஐந்து மூன்றுக்கு ஜி.எம். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, தன் பழைய கம்பெனியில் நேரத்தை எப்படி மதித்தார்கள் என்று ஐந்து நாற்பத்தொன்று வரை விளக்கினார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. முடிவு என்ற இடத்தில் ‘அடுத்த வெள்ளிக்கிழமை கூடுவது’ என்று மட்டும் இருக்கும்.

சனிக்கிழமை காலையில் கையெழுத்துக்கு நீட்டுவேன். பென்சிலால் நான் புள்ளி வைத்த இடத்தில் போட்டுவிட்டுத் திருப்பித் தருவார். படிக்கவே மாட்டார் என்பது எனக்குத் தெரியும். முதல் சனிக்கிழமை காலை டிபனைத் தொடாமல் வந்திருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை எனக்குப் பசியெடுத்தது. கேன்டீனில் இரண்டு பொங்கல் சாப்பிட்டேன். ஒரு பிரதி தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் போகும், அங்கேயும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை; ஒன்று இங்கே ஃபைலில் சேரும். எட்டு வாரம் இப்படி நடந்தது. அவ்வளவு சுத்தமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

மார்ச்சில் டைரக்டர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், வயதானவர், மெதுவாகப் பேசுவார். எல்லோரும் கூட்ட அறையில் உட்கார்ந்ததும், சுற்றறிக்கையை எந்த அளவுக்கு நடைமுறைப்படுத்தினீர்கள் என்று கேட்டார். ஜி.எம். பெருமையோடு ஃபைலை எடுத்துவரச் சொன்னார். நான்தான் எடுத்துக்கொண்டு போய் டைரக்டர் முன்னால் வைத்தேன். வைத்துவிட்டு ஓரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

அவர் முதல் பக்கத்தை மனசுக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரும்ப முதலிலிருந்து எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். வாஷிங் மெஷின் வந்தது. காலை நடை வந்தது. தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஃபேக்டரியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஜி.எம். ஒரு நாள் சொன்னது, ஐந்து பதினேழு என்ற மணியோடு வந்தது. ஜி.எம்.மின் காதுகள் சிவந்து, அப்புறம் வெளுத்தன. நான் ஒரு நொடிகூடத் தலையைக் குனியவில்லை.

"கையெழுத்து உங்களுதுங்களா?" என்று டைரக்டர் கேட்டார்.

"ஆமா சார்."

"எட்டுலயும்?"

ஜி.எம். வாயைத் திறந்து மூடினார். அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாததை அன்றைக்குத்தான் பார்த்தேன். டைரக்டர் என் பக்கம் திரும்பி, இதை எழுதியது நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதில் தப்பாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். என் ஷார்ட்ஹேண்ட் நோட்டுகள் எல்லாம் இருக்கின்றன, சரிபார்த்துக்கொள்ளலாம் என்றேன். அன்று ஐந்தேகால் வேனில் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே குதூகலம்.

அந்தக் குதூகலம் ஐந்து நாள் இருந்தது. என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்ததும் ஜி.எம். ஸ்டோர்ஸ்காரருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்.

ஸ்டோர்ஸ்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம் அவருக்கு ஊர். விடிவதற்கு முன்னால் அண்ணனோடு கரையில் வலை இழுத்துவிட்டு, மனைவியை மீன் கூடையோடு பஸ் ஏற்றிவிட்டு, மொபெட்டில் கேளம்பாக்கம் வழியாக வண்டலூருக்கு வருவார். கூட்டத்தில் சில சமயம் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். நான்தான் காலால் நாற்காலியைத் தட்டி எழுப்புவேன். அப்படிப்பட்டவரை ஆறாவது கூட்டத்தின் மினிட்ஸில், ‘ஐந்து இருபதிலிருந்து ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் உறங்கினார்’ என்று எழுதியிருந்தேன். ஜி.எம். பேச்சின் லட்சணத்தைக் காட்டுவதற்காக எழுதினேன். எழுதும்போது சிரித்தேன்கூட.

மெமோவில் அந்த வரி அப்படியே இருந்தது. அதை என் மேஜை மேல் வைத்துவிட்டு நின்றார்.

"இன்னாக்கா, நீயே எழுதிகீறே" என்றார். "நான் உனுக்கு இன்னா பண்ணேன்?"

ஜி.எம். மேல் இருந்த கோபத்தில் எழுதிவிட்டேன் என்றேன்.

"அந்தாளு மேல கோவம்னா அந்தாளப் பத்தி எழுது. நான் தூங்குனத எதுக்கு எழுதுனே?"

அவரை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மெமோவுக்கு விளக்கக் கடிதம் நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவரால் ஆங்கிலத்தில் எழுத முடியாது, அதனால்தான் ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். வேலை நேரம் ஐந்து மணிக்கு முடிகிறது. மினிட்ஸ்படி அவர் தூங்கியது ஐந்து இருபதுக்கு. வேலை முடிந்த பிறகு ஒரு ஊழியர் தூங்குவதை எந்த விதி தடுக்கிறது என்று தெரிவிக்கவும். அந்த நேரம் வேலை நேரம்தான் என்று நிர்வாகம் கருதினால், அக்டோபர் முதல் அத்தனை கூட்டங்களுக்கும் ஓவர்டைம் உண்டா என்று தெரிவிக்கவும். பிரதி, டைரக்டருக்கு. பர்சனல் ஆபீசர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. மறுநாளே மெமோ வாபஸ் ஆனது. அடுத்த மாதம் ஜி.எம். தலைமை அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்கு ஒரு அறை உண்டு, கீழே ஆட்கள் கிடையாது என்று கேள்விப்பட்டேன். அந்த அறையைப் பல நாள் கற்பனை செய்து பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ஸ்டோர்ஸ்காரர் அதற்கப்புறம் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார். மரியாதையாகவே பேசுவார், கேட்ட பொருளை உடனே எடுத்துத் தருவார். நான் அந்தக் கம்பெனியை விட்டுப் போகிற நாள் வரைக்கும் மேடம்தான். இந்தக் கதையில் எனக்கு வருத்தம் என்றால் அது ஒன்றுதான்.

மூன்று வருஷம் கழித்து ஜி.எம்.மைத் தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தேன். ரிடையர் ஆகி மகளோடு மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறாராம். கையில் ஒரு துணிப்பை, தலை முழுக்க நரைத்திருந்தது. அவரே பக்கத்தில் வந்து நலம் விசாரித்தார். மகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, புது மேம்பாலத்தைப் பற்றிப் பேசினார். பேச ஆள் கிடைக்காத மனிதர் பேசுகிற மாதிரி பேசினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் குரலைத் தணித்து, "இன்னும் என் மேல கோவமாம்மா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். பீச் ஸ்டேஷன் போகும் ரயில் வந்தது. லேடீஸ் பெட்டியில் ஏறி, ஜன்னலோரமாக இடம் கிடைத்து உட்கார்ந்தேன்.