விஜயதசமி வரைக்கும் தொடாத புத்தகம்

அந்த விஜயதசமி அன்றைக்கு எங்கள் தாராவி வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, பாண்டுப்பிலிருந்து வந்திருந்த பெரியப்பா, எட்டாம் வகுப்பில் சமஸ்கிருதம் எடுத்திருந்த நான். அலமாரியில் இருந்த சாமிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சமஸ்கிருதத்தை எப்படித் தொடங்குவது என்று ஜூனிலேயே முடிவு செய்தவர் பெரியப்பா. மாட்டுங்காவில் டியூஷனுக்குப் பணம் கட்டப்போகிறவர் அவர்தான் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. புதுப் புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றி, சாமி அலமாரியின் உச்சித் தட்டில் வைத்தார்.

"தேவ பாஷைட்டி. விஜயதசமி அன்னைக்குத்தான் தொறக்கணும். அதுவரைக்கும் ஸ்கூல்ல காதால கேளு, போதும். முந்தித் தொட்டேன்னா டியூஷன் கெடையாது."

விஜயதசமிக்கு நான்கு மாதம் இருந்தது. யூனிட் டெஸ்டுக்கு ஒரு மாதம்கூட இல்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். இரண்டுக்கும் சேர்த்துப் பயந்தேன்.

உச்சித் தட்டு எனக்கு எட்டாது. அந்த வாரம்தான் அப்பா, தோல்பை தைக்கும் பட்டறையில் தான் உட்காரும் முக்காலியை வீட்டுக்குத் தூக்கி வந்து அலமாரிக்குப் பக்கத்தில் போட்டார். "காலு ஆடுது. ரிப்பேர் பண்ணணும், கெடக்கட்டும்" என்றார்.

பள்ளி விட்டு வந்ததும், அம்மா வேலையிலிருந்து திரும்புவதற்குள் அதில் ஏறுவேன். விழுந்துவிடுவேனோ என்று மூன்று கால்களையும் அசைத்துப் பார்க்காமல் ஒரு நாளும் ஏறியதில்லை. எழுத்து ஹிந்தி எழுத்துதான். பொருளுக்கு டீச்சர் சொன்னது காதில் இருந்தது. படித்து முடித்து, அதே மடிப்பில் துணியைச் சுற்றி வைத்துவிடுவேன்.

விஜயதசமி காலையில் பெரியப்பா துணியைப் பிரித்தார். புத்தகம் தானாகவே நாலாம் பாடத்தில் விரிந்துகொண்டது. நான் அதிக நாள் விரித்து வைத்துப் படித்த பாடம் அதுதான்.

"இது என்னடே, நடுவுல தொறக்கு?"

"புதுப் புஸ்தகம்லாண்ணே, பைண்டிங் அப்படித்தான் இருக்கும்" என்ற அப்பா, முதல் பக்கத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தார். "காலி-பீலி, சும்மா சும்மா டென்ஷன் ஆவாத. வாசிட்டி."

வாசித்தேன். முதல் வரி தாண்டியதும் பயம் போன இடம் தெரியவில்லை. எங்கேயும் தடுக்காமல் மூன்று பாடமும் ஓடின. பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாடே! நாள் பாத்துத் தொடங்கினா சரஸ்வதியே நாக்குல வந்து உக்காந்துக்கிடுதா."

"ஆமாண்ணே. உங்க யோசனைலா."

அம்மா சுண்டல் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டியூஷன் அன்றே முடிவானது. பத்தாவதோடு நான் பள்ளியை விட்டது வேறு கதை. சமஸ்கிருதம் என்னை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை அப்பா முக்காலியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். பெரியப்பாவோடு சேர்த்து அவரையும் ஏமாற்றிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. தினமும் அசைத்துப் பார்த்தும் அந்தக் கால் ஒரு நாள்கூட ஆடவில்லை என்பதோ, அத்தனை மாதமும் அப்பா தரையில் உட்கார்ந்தே பை தைத்தார் என்பதோ எனக்கு அப்போது தோன்றவே இல்லை.