ஸ்குரூ முடுக்க வந்தவர்

பெரிய அலை வந்து போன மறு வருசம் அவர் எங்கள் குப்பத்துக்கு வந்தார். முதலியார்சாவடிப் பக்கத்தில் ஃபைபர் படகு செய்யும் மேஸ்திரி. ஒல்லியான ஆள். கையெல்லாம் பிசின் காய்ந்து தோல் உரிந்திருக்கும். பேசும்போதும் பல்லிடுக்கில் ஒரு ஸ்குரூவைக் கவ்வியிருப்பார்.

அலைக்குத் தப்பியது எங்கள் பழைய படகு ஒன்றுதான். அதிலும் எஞ்சின் மாட்டும் பலகை ஆடியது. ஆடிய ஸ்குரூவுக்கெல்லாம் என் மகன் வலை நூலைச் சுற்றி முறுக்கி வைத்திருந்தான்.

"ஏம்பா, படக தைச்சா வச்சிருக்கே?" என்று மேஸ்திரி சிரித்தார். எல்லாவற்றையும் கழற்றினார். ஓட்டைகளைப் பிசினால் அடைத்து, அது இறுகிய பிறகு புதிதாகத் துளை போட்டு முடுக்கினார்.

எனக்கு மனசு ஆறவில்லை. "நடுக்கடல்ல எஞ்சின் கழண்டா எம்புள்ள கதி என்னாய்யா?" என்று கேட்டேன்.

"மொத தபா நானும் கூட போறேம்மா. எந்தப் படகு செஞ்சாலும் அப்படித்தான்."

"நீச்சல் தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா. தெரிஞ்சா கை அசால்ட்டா முடுக்கிடும்."

விடிந்ததும் இருவரும் போனார்கள். நான் கரையிலேயே நின்றேன். எதற்கும் அஞ்சாதவள் என்று குப்பத்தில் எனக்குப் பேர். அன்று உலை வைக்கக்கூட வீட்டுக்குப் போகவில்லை. என் மகன் கடல்காரன், விழுந்தாலும் நீந்தி வருவான். இந்த மனிதர் என்ன செய்வார்?

வெயில் ஏறிய பிறகு படகு தெரிந்தது. கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன். நான் முதலில் தேடியது என் மகனை இல்லை.