யாருடையதென்று தெரியாத பின்னல்

பூச்சாடிக்குப் போடும் கபில மண் எங்கிருந்து வருகிறது என்று றோசலின் ஒருநாளும் யோசித்ததில்லை. மன்னாரிலிருந்து டென்மார்க்குக்கு வந்தவள், மீன் பதனிடும் இடத்திலும் முதியோர் இல்லத்திலும் மாறிமாறி வேலை செய்துவிட்டுத்தான் பிராண்டே என்ற ஊருக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலைக்குப் போனாள். அதன் பின்பக்கம் பெரிய சதுப்பு நிலம். ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பாசி வளர்ந்து, செத்து, அடுக்கடுக்காகப் படிந்து மண்போல ஆகியிருந்தது. அதைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து, உடைத்து, பைகளில் அடைத்து விற்றார்கள். உடைக்கும் இயந்திரத்துக்குப் போகுமுன் பெல்ற்றில் ஓடிவரும் கட்டிகளிலிருந்து வேர், கட்டை, கல் எல்லாவற்றையும் பொறுக்கி எறிவது றோசலினின் வேலை.

சில நாட்களில் வேறு ஏதாவதும் வரும். காய்ந்து தோலாகிப்போன தவளை, சுருண்டு கிடக்கும் பல்லி. மற்றவர்கள் அவற்றைக் குப்பையில் எறிவார்கள். றோசலினுக்கு மனம் கேட்காது. குளிருக்கு ஒதுங்கிப் படுத்த சீவன், அப்படியே வெட்டுப்பட்டு வந்திருக்கிறது என்று நினைப்பாள். எடுத்துக்கொண்டுபோய் வேலியோரப் புல்லில் போட்டுவிட்டு வருவாள்.

அந்த வசந்தகாலத்தில் ஒருநாள், பிளந்த கட்டியொன்றிலிருந்து செம்பட்டையாக ஏதோ நீட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற துஷ்யந்தன் எட்டிப் பார்த்தான். தற்காலிக வேலைக்கு வந்தவன். புதிதாகக் கலியாணம் முடித்திருந்தான்.

“வேர்தானக்கா. எறியுங்கோ.”

“வேரில்லையடா தம்பி. வேர் தன்னைத்தானே பின்னுமே?”

மூன்று புரியாக இறுக்கிப் பின்னிய தலைமயிர். நுனியில் கம்பளி நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. மகள் கிளோறியாவுக்குப் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் தினமும் தலை பின்னிவிட்ட கை அவளுடையது. இது அவசரமில்லாமல், ஆற அமர இருந்து பின்னிய பின்னல் என்று அவளுக்குப் பட்டது. சிவப்புப் பொத்தானை அமத்தினாள். பெல்ற் நின்றது.

மேற்பார்வையாளர் ஹென்னிங் வந்து அதைக் குனிந்து பார்த்தார்.

“இதை நான் மியூசியத்துக்குச் சொன்னால் வேலை நிற்கும், தெரியுமா?” என்று டெனிஷ் மொழியில் கேட்டார்.

“தெரியும்.”

பெருமூச்சு விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அவர் நல்ல மனிதர்தான்.

மியூசியத்திலிருந்து கிர்ஸ்டன் என்ற பெண் வந்தாள். பின்னலை ஈரத்துணியில் பொதிந்து பெட்டியில் வைத்தாள். இரண்டாயிரம் வருடத்துக்குக் குறையாது என்றாள். சதுப்புத் தண்ணீர்தான் மயிரை இப்படிச் செம்பட்டையாக்கி, அழுகவிடாமல் காத்திருக்கிறதாம். அந்தக் கட்டி எங்கே வெட்டியது என்று தேடிப் போனார்கள். அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பக்கம் முழுவதும் அடித்தரை தெரிய வெட்டியெடுத்து முடிந்திருந்தது.

“மயிரை மட்டும் வெட்டிக் காணிக்கையாகப் போட்டிருக்கலாம்” என்றாள் கிர்ஸ்டன். “ஒரு ஆளே அங்கே கிடந்திருக்கவும் கூடும். இனி அறிய வழியில்லை.”

“ஆளாக இருந்திருந்தால், மற்றதெல்லாம்?”

கிர்ஸ்டன் வாசலில் அடுக்கியிருந்த பைகளைப் பார்த்தாள்.

வேலை நின்றதும் தற்காலிக ஆட்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். துஷ்யந்தன் அன்று பின்னேரமே தொலைபேசியில் கூப்பிட்டான்.

“ஆரோ செத்துப்போன ஒருத்தியின்ரை மயிருக்காக என்ரை வேலையைத் தின்னிட்டியள் அக்கா.”

“அப்பிடிச் சொல்லாதை தம்பி...”

அவன் வைத்துவிட்டான். பிறகு மனைவியோடு பிரெடெரிசியா நகருக்குப் போய்விட்டான். தேவாலயப் பூசையில் எப்போதாவது கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

அந்த ஞாயிறு றோசலின் சேமக்காலைக்குப் போனாள். அவளுடைய கணவர் யேசுரட்ணம் அங்கேதான் அடக்கமாகியிருந்தார். காற்றாலைத் தொழிற்சாலையில் வேலைசெய்துகொண்டிருந்தபோது மாரடைப்பால் விழுந்தவர். ஒவ்வொரு வசந்தத்திலும் வேலையிடத்து மண்ணில் இரண்டு பை கொண்டுவந்து, கல்லறையில் பரப்பிப் பூங்கன்று வைப்பாள். இந்த வருடமும் வைத்திருந்தாள். முழந்தாளிட்டு அந்த மண்ணைக் கையால் அளைந்தாள். பொருபொருவென்ற மண்ணும் சின்னச் சுள்ளிகளும்தான் இருந்தன. ஒவ்வொரு சுள்ளியையும் எடுத்துப் பார்த்தாள்.

“Mor, det er bare jord” என்றாள் கூட வந்த கிளோறியா. அம்மா, அது வெறும் மண்.

“ஓம் பிள்ளை. அவளும் இப்ப வெறும் மண்தான்.”

கிளோறியாவுக்கு விளங்கவில்லை. கன்றுகளைப் பிடுங்கி மண்ணை அள்ளிவிடவா, அப்படியே விட்டுவிடவா என்று றோசலின் வெகுநேரம் யோசித்தாள். அள்ளி எங்கே கொண்டுபோய்ப் போடுவது? விட்டுவிட்டாள்.

தமிழ்ப் பூசைக்கு வந்த குருவானவரிடம் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்டாள்.

“ஆற்றை பேரிலை, அம்மா?”

“பேர் தெரியாது ஃபாதர். ஒரு பொம்பிளை. சதுப்புக்கை கிடந்தவ.”

கதையைக் கேட்டுவிட்டு அவர் தாடையைத் தடவினார். “அந்தக் காலத்திலை கிறிஸ்தவ வேதம் இஞ்சை வரேல்லையே.”

“அப்ப ஆரும் ஒருக்காலும் அவவுக்காக மன்றாடியிருக்க மாட்டினம், ஃபாதர்.”

அவர் பூசை வைத்தார். பேர் வாசிக்கும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்.

தொழிற்சாலை அதற்குப்பிறகு நிமிரவில்லை. சதுப்பை இனி வெட்டுவதில்லை, பழையபடி தண்ணீரை நிரப்பிவிடுவது என்று முடிவாயிற்று. வடிகால்களை அடைத்தார்கள். ஹென்னிங் இளைப்பாறினார். றோசலின் ஒரு சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இலையுதிர்காலத்தில் கிர்ஸ்டன் அவளை அந்தச் சதுப்புக்குக் கூட்டிப்போனாள். கறுத்த தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் அசையாமல் கிடந்தது. பச்சை எங்கும் இல்லை.

“பாசி திரும்ப வருமா?”

“வரும். வந்தாலும் வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர்தான் உயரும்.”

றோசலின் அதை மனத்துக்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டாள். பின்னல் வந்த இடம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். கிர்ஸ்டன் கையை நீட்டி, பிறகு தயங்கி, இன்னொரு பக்கம் காட்டினாள். அவளுக்கும் நிச்சயமில்லை. எல்லாம் ஒரே தண்ணீராக இருந்தது. மழை தூறத் தொடங்கியது. இருவரும் காருக்கு நடந்தார்கள்.