பின்கதவு வைன் உலா

1. வழிகாட்டியின் கால்

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. ஹோட்டல் முன்மண்டபத்தில் ஒன்பது விருந்தினர் சப்பாத்துக் கட்டி, தொப்பி போட்டு நின்றார்கள். அவர்களைக் கூட்டிப் போக வேண்டிய வழிகாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். முதல்நாள் தன் வீட்டுப் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார்.

நான் அந்த ஹோட்டலில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவன். பெட்டி தூக்குவது, பல்பு மாற்றுவது, குப்பை கொண்டுபோவது, துணி தோய்ப்பது. ஊர் சுவிஸின் தெற்கே, இத்தாலி மொழி பேசும் பக்கம். மலைமேல் கல்வீடுகள். ஒடுக்கமான வீதிகள். சூரிச் பக்கத்து ஆட்கள் கோத்தார்ட் சுரங்கம் தாண்டி வந்து இறங்கியதும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மனேஜர் பிரிகிட்டேயும் சூரிச்காரிதான். வந்து எட்டு மாதம். துணி தோய்க்கும் அறைக்கு வந்து என்னைப் பிடித்தார். அவர் டொச்சில், ஜெர்மன் மொழியில், சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“அருள், நீங்கள் எத்தினை வருசம் இந்த ஊரில?”

“இருபத்திரண்டு.”

“அப்ப என்னைவிட நீங்கள்தான் உள்ளூர். இந்த ஆக்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ. மூண்டு வைன் பார். உள்ளூர்ச் சனம் குடிக்கிற, வெளியாருக்குத் தெரியாத, கதகதப்பான சின்ன இடங்கள்.”

“நான் குடிக்கிறேல்லை.”

“குடிக்கத் தேவையில்லை. நடந்தாக் காணும்.”

“எனக்குக் கதைக்கவும் வராது.”

“நல்லதாப் போச்சு. போனமுறை வழிகாட்டி கூடக் கதைக்கிறார் எண்டுதான் முறைப்பாடு.”

வெளியாருக்குத் தெரியாத அந்த மூன்று இடமும் ஹோட்டல் துண்டுக் காகிதத்தில் படத்தோடு அச்சடித்துக் கிடந்தன. நான் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

2. குசினி

அந்த மூன்று கடைகளின் மேசை விரிப்புகளும் எங்கள் ஹோட்டலில்தான் தோய்ப்பது. காலையில் தள்ளுவண்டிலில் கொண்டுபோய்க் கொடுத்து, ஊத்தைத் துணியை எடுத்து வருவேன். துணி பின்பக்கத்தால்தான் போகும், வரும். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கடைகளின் முன்கதவால் நான் ஒரு நாளும் போனதில்லை. போக வேண்டிய அலுவல் வரவில்லை.

சந்தி வந்ததும் என் கால் தன்பாட்டில் இடப்பக்கம் திரும்பியது. ஒன்பது பேரும் திரும்பினார்கள். வெறும்போத்தல் தொட்டி, காஸ் சிலிண்டர், ஒரு பூனை. கதவைத் தட்டிய பிறகுதான் செய்த பிழை விளங்கியது.

கதவைத் திறந்தவன் யோகன். ஆல்டோ என்பவரின் கடையில் சமையல்காரன். நாற்பது தாண்டிய ஆள். கிளிநொச்சி.

“என்னண்ணை இது, ஊர்வலமோ?”

“வைன் பார் காட்டுறன்.”

“இது குசினியண்ணை.”

“தெரியும். பேசாமல் விடு.”

விட்டான். ஒன்பது பேரும் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார்கள். பிறகு ஒரு சத்தம் போட்டார்கள். குழந்தையைத் தொட்டிலில் பார்த்தால் போடும் சத்தம். கதிரை இல்லை. பால் பெட்டிகளைக் கவிழ்த்து இருந்துகொண்டார்கள். யோகன் சமையலுக்கு ஊற்றும் மெர்லோ வைனைத் தண்ணீர்க் கிளாசில் ஊற்றிக் கொடுத்தான். முன்பக்கம் என்றால் பொக்காலினோ என்ற சின்ன மண்குவளையில் கொடுப்பார்கள். அதில் உள்ளூர்ச் சனம் குடித்து நான் கண்டதில்லை. சுற்றுலா ஆட்கள்தான் குடித்து, கடைசியில் குவளையையும் வாங்கிப் போவார்கள்.

சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் என்னைக் கேட்டார்.

“இது நல்ல வைனோ?”

“குடிச்சாத் தெரியும்.”

அதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அவரே பிறகு குளிர் அறைக் கதவுப் பக்கம் போனார். அங்கே ரவியோலி மட்டைப்பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. ரவியோலி என்றால் மாவுக்குள் இறைச்சி வைத்து மூடிய குட்டித் தலையணை. ஆல்டோவின் முன்கதவில் ‘எல்லாம் எங்கள் கையால் செய்தது’ என்று பலகை தொங்கியது. அந்தப் பெண் பெட்டியில் இருந்த எழுத்தை வாசித்தார்.

“ஐயோ! இந்த ஃபக்டரி என்ர வீட்டுக்குப் பக்கத்தில!”

எல்லோரும் சிரித்தார்கள். யோகனைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். யோகனுக்குப் படம் என்றால் சிரிக்கத்தான் தெரியும். சிரித்தான்.

மற்ற இரண்டு கடைக்கும் பின்னால்தான் போனோம். தொடங்கியபடி முடித்தேன்.

3. நோட்டீஸ்

செவ்வாய்க்கிழமை துணி கொண்டுபோனேன். யோகன் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றான்.

“அண்ணை, ஆல்டோ நோட்டீஸ் தந்திட்டார். ரெண்டு மாசத்தோட சரி.”

அந்தப் பெண் படத்தை இணையத்தில் போட்டிருந்தார். நல்ல மனதோடுதான் போட்டார். ‘கோத்தார்ட் தாண்டிப் போய் என் வீட்டுப் பக்கத்து ரவியோலி சாப்பிட்டேன், இவ்வளவு நேர்மையான குசினியை நான் கண்டதில்லை’ என்று எழுதியிருந்தார். கடைப் பெயரும் போட்டிருந்தார். ஊர் முழுக்கச் சிரித்தது.

யோகனுக்கு இது மற்றவர்களுக்குப் போல வேலை போகிற விசயம் மட்டும் இல்லை. அவன் எஃப் அனுமதியில், அகதிக்குக் கொடுக்கும் தற்காலிக அனுமதியில், இருந்தான். மனுசியும் மகளும் ஊரில். மகளுக்கு ஐந்து மாதமாக இருக்கும்போது வெளிக்கிட்டவன். இப்போது அவளுக்குப் பத்து வயது. அவர்களைக் கூப்பிட மனுப் போட்டிருந்தான். முடிவு வரும்வரை வேலை ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் அறுந்தால் மனுவும் அறுந்தது. திரும்ப முதலிலிருந்து.

“ஆர் கூட்டிவந்ததெண்டு கேட்டவரோ?”

“கேட்டவர். தெரியாது, தாங்களா வந்தவை எண்டனான்.”

“ஏன்?”

“உங்களுக்குப் பென்சனுக்கு ரெண்டு வருசம்தானே கிடக்கு.”

“மடையன்.”

“ஓமண்ணை.”

வெங்காயத்தை வெட்டினான். எனக்குத் துணியை எண்ணப் பிடிக்கவில்லை. அப்படியே வண்டிலில் போட்டேன்.

4. ஆல்டோ

நேரே முன்பக்கம் ஆல்டோவிடம் போனேன். வைன் போத்தல்களில் தூசு துடைத்துக்கொண்டு நின்றார். எல்லாப் போத்தலிலும் இல்லை. பார்வைக்கு வைத்த பழசுகளில் தூசை விட்டுவிடுவார்.

“நான்தான் கூட்டிவந்தனான். யோகனில பிழையில்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“பின்னால ஏன் கூட்டிவந்தனீ?”

“அந்த வழிதான் எனக்குத் தெரியும்.”

“என்ர கதவில ‘கையால் செய்தது’ எண்டு தொங்குது. இப்ப நான் என்ன சொல்லுறது?”

“பெட்டியை யோகன் கையாலதான் உடைக்கிறவன்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

“வெளியில போ. உங்கட ஹோட்டல் துணியும் எனக்கு இனி வேண்டாம்.”

மன்னிப்புக் கேட்டதில் அவ்வளவுதான் பிரயோசனம்.

5. படத்தில் சிரிக்கிறவர்

ஹோட்டலுக்கு வந்தால் பிரிகிட்டே வாசலில் நிற்கிறார். முகம் பூத்துக் கிடந்தது.

“அருள், வாற வியாழனுக்கு இருவத்திநாலு பேர்! எல்லாரும் பின்கதவு உலாதான் கேக்கினம். எப்பிடி உங்களுக்கு அந்த யோசினை வந்தது?”

“வரேல்லை.”

“உங்களைப் பற்றியும் எழுதியிருக்கினம். ‘ஆழமான மனிதர். மூன்று வசனம்தான் பேசினார். மூன்றும் வைனைப் பற்றிய தத்துவம்’ எண்டு.”

எனக்கு வேகமாக யோசிக்க வராது. அன்றைக்கு வந்தது.

“யோகன் இல்லாட்டி நான் நடக்க மாட்டன்.”

“ஆர் யோகன்?”

“படத்தில சிரிக்கிறவர். ஆல்டோ அவரை நிப்பாட்டிப்போட்டார்.”

பிரிகிட்டேயின் முகம் மாறியது. யோகனுக்காக மாறவில்லை. இருபத்திநாலு பேருக்காக மாறியது. எனக்கு அது போதும். அங்கேயே நின்று ஆல்டோவுக்குப் போன் எடுத்தார். இருபத்திநாலு பேர், ஒவ்வொரு வியாழனும், ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றார். பிறகு ஆல்டோ கதைத்தது எனக்கே கேட்டது. தன் குசினி எப்போதும் திறந்த குசினி என்றும், ஒளிக்க ஒன்றுமில்லை என்றும், யோகன் தனக்குத் தம்பி மாதிரி என்றும் சொன்னார்.

நோட்டீஸ் கிழிந்தது. துணியும் திரும்ப வந்தது.

6. பழசாக்கும் வேலை

பிறகு நடந்ததை நம்புவது உங்கள் விருப்பம்.

ஆல்டோ புது இரும்பு மேசையை எடுத்துவிட்டு உளுத்த மரமேசை ஒன்று வாங்கிப் போட்டார். பால் பெட்டிகள் காணாது என்று இருபது பழைய பெட்டி இணையத்தில் எடுப்பித்தார். மட்டைப்பெட்டிகள் நிலவறைக்குப் போயின. யோகன் விருந்தினர் முன்னால் கையால் ரவியோலி செய்ய வேண்டும். ஒரு தட்டு. அதே தட்டு எல்லோருக்கும் காட்டப்படும். தின்னக் கொடுப்பது நிலவறைப் பெட்டி.

இரண்டாவது கடைக்காரர் முன்கதவைப் பூட்டிவிட்டு, ‘பின்னால் வரவும்’ என்று எழுதி அம்புக்குறி போட்டார். மூன்றாவது கடைக்காரரின் பின்கதவு அலுமினியம். அதைக் கழற்றிவிட்டு மரக்கதவு போட்டார். புதுக்கதவு போட்ட அன்றே ஒரு ஆளைப் பிடித்து, பழசாகத் தெரிய அதைச் சங்கிலியால் அடிப்பித்தார்.

பூனைக்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. அது மட்டும் முந்தியபடி இருந்தது.

விருந்தினர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

“உண்மையில உள்ளூர்ச் சனம் எங்க குடிக்கிறது?”

நான் உண்மையைத்தான் சொல்வேன்.

“கீழ, பெற்றோல் ஷெட் பாரில. பிளாஸ்ரிக் கதிரை. லொத்தர்ச் சீட்டு விக்கிறவை.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நகைச்சுவை உணர்வுள்ளவர் என்றும் என்னைப் பற்றி எழுதினார்கள்.

நான் ஒரு வியாழனும் விடவில்லை. நான் நடக்காத வாரம் ஆல்டோவுக்கு யோகன் தேவையில்லை. காய்ச்சலோடும் நடந்தேன். பனியில் நடந்தேன். வழிகாட்டி கால் சுகமாகி வந்து தன் வேலையைக் கேட்டார். பிரிகிட்டே அவரைப் பிரதேச வரலாறு சொல்லும் உலாவுக்குப் போட்டார். அதற்கு ஒருவரும் வரவில்லை.

பதினாலு மாதம்.

7. கடிதம்

அன்று பதினெட்டுப் பேர். யோகன் ரவியோலியைக் கொதிதண்ணிக்குள் போட்டுக்கொண்டிருந்தான். தபால்காரி பின்கதவால் வந்தாள். பதிவுத் தபால். யோகன் மாக்கையோடு கையெழுத்துப் போட்டான்.

உடைத்தான். மூன்று பக்கம். கந்தோர் இத்தாலி, அரச அலுவலகத்து மொழி. அவனுக்குத் தெரிந்தது குசினி இத்தாலி. எனக்கும் அதே. முதல் பக்கத்தைப் பார்த்தான், கடைசிப் பக்கத்தைப் பார்த்தான்.

“அண்ணை, இதில ஓம் எண்டு கிடக்கோ இல்லையெண்டு கிடக்கோ?”

“விளங்கேல்லை.”

ஆல்டோ முன்பக்கம் காசு மேசையில் நின்றார். அவரிடம் கொடுக்க இருவருக்கும் மனம் வரவில்லை. நான் பால் பெட்டியில் இருந்த ஒரு முதியவரிடம் நீட்டினேன். தலைநகர் பேர்ணில் கந்தோர் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்று வழியில் சொல்லியிருந்தார். கிளாசை நிலத்தில் வைத்தார். மூக்குக் கண்ணாடி போட்டார். ஆறுதலாக வாசித்தார். அப்படியான ஆட்கள் இடையில் நிறுத்த மாட்டார்கள். முழுதும் வாசித்து முடித்தார்.

“அனுமதிச்சிருக்கு. மனுசிக்கும் பிள்ளைக்கும்.”

நான் யோகனுக்குத் தமிழில் சொன்னேன். தேவையில்லை. என் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது அவனுக்கு.

பெட்டிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். முதியவர் மட்டும் தட்டவில்லை. கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துத் தந்தார்.

ஒரு பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“இது ஒவ்வொரு வியாழனும் செய்யிறதோ?”

“இல்லை. இண்டைக்கு மட்டும்.”

“அப்ப எங்களுக்கு அதிர்ஷ்டம்!”

யோகன் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். நான் தொந்தரவு செய்யவில்லை. அடுப்பைப் பார்த்தேன். ரவியோலி நேரம் தப்பி, பிரிந்து, தண்ணி முழுக்க இறைச்சியும் தோலுமாய் மிதந்தது. வடித்துப் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக் கைப்பக்குவம் என்று சொல்லித் தின்றார்கள்.

அந்த வாரம் இணையத்தில் இருந்தது: ‘கடிதக் காட்சி மிகவும் இயல்பாக இருந்தது. சற்று நீளம்.’

மனுசியும் பிள்ளையும் வந்து சேரும் மட்டும் நடந்தேன். பிறகு பிரிகிட்டேயிடம் போய், இனி இல்லை என்றேன்.

“ஏன் அருள்? நல்லாத்தானே போகுது?”

“முடிஞ்சுது.”

“என்ன முடிஞ்சுது?”

“அலுவல்.”

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உன் பிழையால் இன்னொருவனுக்கு வேலை போகிறதென்றால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காதே. நான் கேட்டுப் பார்த்தேன், துணியும் போனது. முதலாளிக்கு உன்னிடம் என்ன தேவை என்று பார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேள். கிடைத்த பிறகு களைத்துப் போய் இடையில் விட்டுவிடாதே.

மனுசியும் மகளும் வந்த நாள் யோகனோடு ஸ்ரேசனுக்கு நானும் போனேன். ரயிலால் இறங்கி, மனுசி அழுதா. மகள் அழவில்லை. முன்னுக்கு வந்து, யாரோ சொல்லிக் கொடுத்தபடி, தகப்பனுக்குக் கை நீட்டினாள். யோகன் தன் கையை ஏப்ரனில் துடைக்கப் போனான். அன்று ஏப்ரன் போட்டிருக்கவில்லை. சேட்டில் துடைத்துவிட்டுக் கையைக் கொடுத்தான்.