வாரியில் நட்ட மரக்கன்றுகள்

நாளைக்கு நடக்கப்போகும் கூட்டம் என்ன முடிவெடுக்கும் என்று இன்றைக்கே எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அந்த முடிவுக்கு முதல் ஆளாகக் கைதட்டுகிறவன் நான். ஜோசியக்காரர்களுக்குக்கூட இவ்வளவு துணிச்சல் கிடையாது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சிக்குச் செயலர். கிராம சபைக்கு முந்தின நாளே தீர்மானப் புத்தகத்தில் எல்லாவற்றையும் ‘ஏகமனதாக’ எழுதி முடித்துவிடுவேன். மறுநாள் வருகிறவர்களுக்கு வாசலிலேயே ஒரு கையில் டீ, மறு கையில் பேனா. இதைத் திறமை என்று வேறு பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மேலேயிருந்து ஓர் உத்தரவு வந்தது. மாறிவரும் பருவநிலையைச் சமாளிக்க ஒவ்வோர் ஊரும் திட்டம் போட வேண்டும், அதில் இளைஞர்களின் கருத்து இருந்தாக வேண்டும் என்று. இளைஞர்களுக்கு நான் எங்கே போவேன்? என் அக்கா மகளைப் பிடித்தேன். புதுக்கோட்டையில் கல்லூரி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நாலு பேரைக் கூட்டி வா, வடை உண்டு என்று சொன்னேன். வடைக்கு வரச் சொன்னால் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். எங்கள் கண்மாய்க்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் வாரியை, தோழிகளோடு ஞாயிற்றுக்கிழமை தோறும் நடந்து பார்த்தாள். எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டாள். பைக்கில் போன நான், வெயிலில் கறுத்துப்போனால் மாப்பிள்ளை கிடைக்காது என்று கிண்டலடித்தேன்.

“ஒங்களுக்கே பொண்ணு கெடச்சிருக்கு மாமா” என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூட்டத்தன்று அந்தத் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு பேசினாள். “மழ முன்ன மாதிரி பத்து நாள் நின்னு பெய்யறதில்ல. ஒரே நாள்ல கொட்டிட்டுப் போயிருது. அந்த ஒரு நாள் தண்ணியப் புடிக்கணும்னா இப்பவே வாரிய வெட்டணும். மரம் அப்பறம் நடலாம்.” பெரிய ஆட்கள்கூடத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் புத்தகத்தில் நான் முந்தின நாள் எழுதியிருந்தது, ‘இளைஞர்களின் விருப்பப்படி மரக்கன்றுகள் நட ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்பது. அதன் கீழே, மாமனை நம்பி, படிக்காமல் முதல் கையெழுத்துப் போட்டிருந்தவளும் அவள்தான். அடித்தல் திருத்தல் இருந்தால் ஆடிட்டில் கேட்பார்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிப் புத்தகத்தை மூடினேன். சேர்க்கவில்லை.

மரக்கன்றுகள் லாரியில் வந்து இறங்கின. யாரும் சண்டைக்கு வராத புறம்போக்கு இடம் எது என்று அதிகாரிகள் கேட்டார்கள். மண் மேடிட்டு, அகலமாக, குழி தோண்டத் தோதாக இருந்த வாரியைக் காட்டினேன். மூளை என்று ஒன்று எனக்கு இருந்திருந்தால் அன்றைக்கு அதுவும் லீவில் போயிருக்க வேண்டும். தொப்பி போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

ஐப்பசியில் ஒரு நாள் கொட்டியது. அவள் சொன்ன மாதிரி அந்த ஒரு நாள்தான். வந்த வெள்ளம் கன்றுகளைச் சுற்றி நாங்கள் குவித்திருந்த மண்ணிலும் முள்வேலியிலும் முட்டித் திரும்பி, ரோட்டைக் கடந்து அங்கிட்டுப் போய்விட்டது. கண்மாய் நனைந்ததோடு சரி. அதை நம்பி நட்ட வயல்கள் கதிர் வருகிற நேரத்தில் காய்ந்தன. அக்கா வயலும் அதில் ஒன்று.

அக்கா மகள் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தாள். மனுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கெங்கோ சுற்றிவிட்டு, எவன்மேல் கொடுக்கப்பட்டதோ அவனிடமே பதில் எழுத வந்துசேரும். என் மேஜைக்கு வந்தது. உண்மையை எழுத அப்போதும் இடம் இருந்தது, நான் செயலர் வேலையைத்தான் பார்த்தேன். ‘மனுதாரர் உள்ளிட்ட இளைஞர்களின் கோரிக்கைப்படியே மரக்கன்றுகள் நடப்பட்டன’ என்று எழுதி, அவள் கையெழுத்துள்ள பக்கத்தை நகலெடுத்து இணைத்தேன். இதில் மட்டும் என்னை வைத்துச் சிரிக்க எனக்கு வரவில்லை.

பதில் கிடைத்ததும் அலுவலகத்துக்கு வந்தாள். நகலை மேஜையில் வைத்து, தன் பெயர்மேல் விரலை வைத்தாள். “இது நான் போட்டதுதான் மாமா. மேல இருக்கறத நான் சொல்லலையே.” வழக்கமான கிண்டல் எதுவும் இல்லை. அந்தக் காலண்டர் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவளும் தோழிகளும் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. படிப்பு முடிந்து ஓசூரில் வேலைக்குப் போய்விட்டாள்.

போன வாரம் திரும்பவும் உத்தரவு வந்திருக்கிறது. இளைஞர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டுமாம். கூச்சத்தை விட்டுவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை ஒரு வரிகூட எழுதவில்லை, பக்கம் காலியாக இருக்கிறது, நீ வந்து சொல்லச் சொல்ல உன் கண் முன்னாலேயே எழுதுகிறேன் என்று மூச்சு விடாமல் பேசினேன். அவள் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு வைத்தாள்.

“மொதல்ல வாரிய வெட்டுங்க மாமா.”