காலிப் பத்தாயமும் மூன்று பூட்டுகளும்

அந்த வருடம் எங்கள் பத்தாயம் காலி. கூடத்து மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற அந்த நெல் பெட்டியைத் தட்டினால் மேளம்போல அதிரும். சட்டம் சொன்ன பங்கைத்தான் அளப்பேன் என்றார் குத்தகைக்காரர். பழைய பங்கை விடாதே என்று என் கணவரை முடுக்கினார்கள் பங்காளிகள். ஊரில் மரத்துக்கு மரம் கட்சிக் கொடி. வழக்கு தாசில்தார் ஆபீசில் தூங்கியது. நெல் களத்தில் பனி குடித்துக் கிடந்தது.

என் கணவரோ பத்தாயத்துக்குள் இறங்கி நாடாவால் அளந்துகொண்டிருந்தார். நல்ல பாம்பு வளர்க்க.

மதராசில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாகம் படமெடுத்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அந்த முகத்தில் அத்தனை வெளிச்சம் இல்லை.

ஆனால் மனிதர் ஜாக்கிரதைக்காரர். பத்தாயத்து மேல்வாயில் கம்பிவலை, அதற்கு மூன்று பூட்டு, கொல்லரிடம் சொல்லி அடித்த நீளக் கொக்கிக் கம்பி, வெயில் காலத்திலும் கழற்றாத முழங்கால் பூட்ஸ். கிணற்றுத் தாம்புக் கயிற்றைப் பாம்பாக வைத்துக் கூடத்தில் ஒத்திகை பார்த்தார். கயிறு அவர் காலை இரண்டு தடவை வாரிவிட்டது. விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டார். "இருக்கு சார். பாம்ப வளக்காம இருந்தா அதுவும் வேணாம்" என்றாராம் கம்பவுண்டர். அந்தப் பதிலின் முதல் வார்த்தையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

தவழப்போகிற பிள்ளை என் வயிற்றில் இருந்தது. அதனால் ஒரு நிபந்தனை போட்டேன்.

"மொதல்ல ஒரு சாரைய உள்ள விடுங்க. அமாவாசை வரைக்கும் வெளிய வரலன்னா உங்க நல்ல பாம்பு வரட்டும். வந்துட்டா, இந்த வீட்ல பாம்புன்னு பேச்சே எடுக்கக் கூடாது."

"எழுதியே தரேன்" என்றார்.

நெல் கொட்டுவதுதான் அந்த வீட்டு ஆண்கள் அறிந்த வேலை. தினமும் நெல் எடுத்தது பெண்கள். பத்தாயத்தின் அடியில் நெல் வழிகிற சின்ன வாய் ஒன்று உண்டு. பலகை உளுத்துப்போய்ப் பழந்துணி அடைத்திருந்தது. நான் சொல்லவில்லை. சாரைக்கு விஷமில்லை, சோதனை என்றால் சோதனைதான்.

வைக்கோல் போரில் சாரை பிடித்து இவர் உள்ளே விட்ட சற்று நேரத்தில் குத்தகைக்காரர் வந்தார். மாமனார் காலத்தில் வாசலோடு நின்றவர். என் கணவரே நாற்காலியை இழுத்துப் போட, அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நெல்ல அளந்துடலாம்னு வந்தேங்க. சட்டப்படிதான்."

"அது கெடக்கட்டும். இத பாருங்க. மூணு பூட்டு, கம்பிவலை, சாவி என் இடுப்புல. எறும்பு வெளிய வராது."

"உள்ள என்னங்க?"

"சாரை. இது ஒத்திகை. அடுத்து நல்ல பாம்பு."

குத்தகைக்காரர் கீழே பார்த்தார். "அப்ப இது யாருங்க?"

வாய்க்காலில் வருகிற முதல் தண்ணீரைப்போல, பழந்துணியைத் தள்ளிக்கொண்டு தரையில் நீண்டுகொண்டிருந்தது சாரை. நில வழக்கின் இரு தரப்புக் கால்களும் ஒரே நேரத்தில் மேலே போயின. அது யாரையும் பொருட்படுத்தாமல் கொல்லைக் கதவைத் தாண்டிப் போயிற்று.

அடுக்களை நிலையில் சாய்ந்தபடி கேட்டேன்: "என்னங்க, பூட்டு மூணும் பத்திரமா இருக்கா?"

குத்தகைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பூட்டாகத் திறந்தார்.

"நெல்லக் கொண்டாந்து கொட்டுங்க."

"எந்தக் கணக்குலங்க?"

"உங்க சட்டக் கணக்குலயே கொட்டுங்க. மொதல்ல அந்த ஓட்டைய அடைங்க."

நெல் வந்தது. பத்தாயம் பாதிகூட நிறையவில்லை என்று பங்காளிகள் துக்கம் விசாரித்துப் போனார்கள். இவர் ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மேல இவ்ளோ எடம் சும்மாதானே கெடக்கு..." என்று என் பக்கம் திரும்பினார்.

என் கையில் அவருடைய கொக்கிக் கம்பி இருந்தது. கொல்லையில் முருங்கைக்காய் பறிக்கப் போய்க்கொண்டிருந்தேன்.