குரோருட்டிலிருந்து ஹிர்பாவுக்கு

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சற்று முன்னதாக பேர்கனிலிருந்து ரயில் புறப்பட்டது. 2003 ஒக்டோபர் மாதம். ஒஸ்லோவுக்கு ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர், ஆறரை மணித்தியாலம். ஒரு மனிதனைப் பயணம் போகவிடாமல் மறிப்பதற்காக நான் பயணம் புறப்பட்டிருந்தேன்.

அந்த மனிதன் பெஹ்ரூஸ், ஈரான்காரன். எண்பத்தேழாம் ஆண்டு நாங்கள் இருவரும் நோர்வேயின் வடக்கே ஓர் அகதி முகாமில் ஒன்பது மாதம் ஒரே அறையில் இருந்தோம். பிறகு எனக்குப் பேர்கனில் ஒரு மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. அவன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுநரானான். தெஹ்ரானில் மாணவனாக இருந்தபோது துண்டுப்பிரசுரம் கொடுத்தவன். அவனோடு சேர்ந்து கொடுத்த இரண்டு பேர் பிடிபட்டார்கள், திரும்பி வரவில்லை. அதனால் பதினாறு வருடமாக அவன் தன் நாட்டை எட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அவனுடைய மனைவி மகீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். நாங்கள் பேசுவது நோர்வேஜிய மொழி. அதில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. தமிழில் எழுதும்போது மட்டும் நான் அவளுக்கு அண்ணையாகிவிடுகிறேன்.

"அண்ணை, இவரின்ரை தகப்பனுக்கு நோய் கடுமையாம். இவர் சனிக்கிழமை ஈரானுக்குப் போறார். ரிக்கெற்றும் எடுத்திட்டார். நீங்கள் வந்து சொன்னால்தான் கேப்பார்."

வொஸ் தாண்டியதும் ரயில் மலையேறத் தொடங்கியது. பின்ஸே நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1222 மீற்றர் உயரம். அங்கே பனி விழுந்திருந்தது. மூன்று நிமிடம் நின்ற ரயிலிலிருந்து இறங்கிச் சிலர் புகைத்துவிட்டு ஏறினார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு கோயம்புத்தூர்ப் பொறியாளர். நோர்வே வந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம். பதினெட்டுக் குரோனர் கோப்பியை வாங்கிக்கொண்டு, அந்தக் காசுக்குத் தன் ஊரில் ஒரு குடும்பமே டிபன் சாப்பிடலாம் என்று கணக்குச் சொன்னார். எப்போது ஊருக்குப் போவீர்கள் என்று கேட்டேன். "பொங்கலுக்குப் போயிடுவேன் சார்" என்றார், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி. எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டரை மணிக்கு ஒஸ்லோ. நிலையத்திலிருந்து, வெளிநாட்டவர் கடைகள் நிறைந்த குறொன்லாண்ட் நடந்து போகும் தூரம்தான். மகீனுக்கு வெண்டிக்காய் பிடிக்கும் என்பதால் ஒரு கிலோ வாங்கினேன், அறுபது குரோனர். பெஹ்ரூஸ் குடியிருக்கும் குரோருட்டுக்குச் சுரங்க ரயிலில் இருபது நிமிடம். ரிக்கெற் இருபத்திரண்டு குரோனர். பெட்டிக்குள் பள்ளிக்கூடம் விட்டு வரும் தமிழ்ப் பிள்ளைகள் நோர்வேஜிய மொழியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தாக்கின் சரிவில் அடுக்குமாடிகள். நான்காம் மாடியில் பெஹ்ரூஸ் கதவைத் திறந்தான். என்னைக் கண்டு அவன் வியப்படையவில்லை.

"அப்ப முந்நூறு குதிரைக்காரருக்குப் பதிலா உன்னை அனுப்பியிருக்கிறா" என்று சிரித்தான். எனக்கு விளங்கவில்லை. "முதல்லை சாப்பிடுவம். பிறகு சொல்லுறன்" என்றான்.

ஐந்து மணிக்கு மகீன் மேசையை நிறைத்துவிட்டாள். கீரைகளும் காய்ந்த எலுமிச்சையும் இறைச்சியும் போட்டு மணிக்கணக்காக வேகவைத்த குழம்பு. சட்டியின் அடியில் பொன்னிறமாகப் பிடித்த சோற்றை முதலில் எனக்கு வைத்தாள். எங்கள் வீடுகளில் அதைச் சுரண்டித் தண்ணீர் ஊற்றுவோம். அவர்கள் அதை விருந்தாளிக்கு வைத்திருப்பார்கள். சாப்பிட்டு முடிந்ததும் பெஹ்ரூஸ் கதையைத் தொடங்கினான்.

இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் பாரசீகர் மீதியர் என்ற அயல் இனத்தாருக்கு அடங்கியிருந்தார்கள். மீதிய மன்னன் அஸ்தியாகஸின் அரண்மனை இன்றைய ஹமதான் நகரில் இருந்தது. அங்கே சேவகம் செய்த பாரசீக இளைஞன்தான் பிற்காலத்துப் பேரரசன் சைரஸ். பெஹ்ரூஸ் அவனைத் தன் மொழியில் கூரோஷ் என்பான். கூரோஷ் ஒருநாள் மன்னனிடம் விடுப்புக் கேட்டான். தகப்பனுக்கு வருத்தம், நோயில் கிடக்கிறார், ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மன்னன் முதலில் மறுத்தான், பிறகு இரங்கி அனுப்பினான். அன்று மாலை விருந்தில் ஒரு பெண், கைக்குள் வந்த காட்டுப்பன்றியைத் தப்பவிட்ட சிங்கத்தைப் பற்றிப் பாடினாள். தான் தப்பவிட்ட பன்றி கூரோஷ்தான் என்று மன்னனுக்கு விளங்கிவிட்டது. முந்நூறு குதிரைவீரரை அனுப்பினான்: உயிரோடு கொண்டு வாருங்கள், வர மறுத்தால் தலையைக் கொண்டு வாருங்கள்.

அவர்கள் வழியில் எட்டிப் பிடித்தார்கள். கூரோஷ் மறுப்பே சொல்லவில்லை. "வாறன், நாளைக்குப் போவம், இண்டைக்குச் சாப்பிடுங்கோ" என்று ஆடு அறுத்து, வைன் ஊற்றி உபசரித்தான். தகப்பனிடம் படை கேட்டு ஆளனுப்பியிருந்தான். வீரர்கள் மயங்கிக் கிடக்க, அவன் அந்தப் படை காத்திருந்த ஹிர்பா என்ற ஊருக்குத் தப்பிப் போய்விட்டான். விடிந்ததும் அவர்கள் துரத்தி வந்தார்கள். ஹிர்பாவின் எல்லையில் பாரசீகர் முதல் முறையாகத் திரும்பி நின்று மீதியரை எதிர்த்து வாளெடுத்தார்கள். முந்நூறில் இருநூற்றைம்பது பேர் விழுந்தார்கள். மிஞ்சியவர்கள் மன்னனிடம் செய்தி கொண்டு போனார்கள்.

"எத்தனையோ நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு கிரேக்கன் எழுதினது. பாதி கதை" என்றான் பெஹ்ரூஸ். ஹிர்பா எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அவனுடைய தகப்பனுக்கு மட்டும் தெரியும். தகப்பன் ஹமதானுக்கும் ஷிராஸுக்கும் இடையே லொறி ஓட்டியவர். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர். ஒரு கணவாயைத் தாண்டி ரோடு இறங்குகிற இடத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு, இஞ்சைதான் என்பாராம். வரலாற்று ஆசிரியர் ஒருவர் அது பிழை என்று சொன்னபோது, நீ இந்த ரோட்டில் எத்தனை தரம் போயிருக்கிறாய் என்று திருப்பிக் கேட்டாராம்.

"கூரோஷ் பொய் சொல்லித்தான் விடுப்பு எடுத்தவன்" என்றான். "என்ரை அப்பாவுக்கு உண்மையாவே வருத்தம்."

மகீன் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்: அவனுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர், விமான நிலையத்திலேயே பிடித்தால் யார் கேட்பது, பழைய பெயர்ப்பட்டியல் எந்த மேசையிலும் இருக்கலாம். அவன் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டான். யோசிக்கிறேன் என்றான். நான் நிம்மதியாக அவர்களுடைய வரவேற்பறையில் படுத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு எழுந்தபோது வீடு அமைதியாக இருந்தது. வாசலில் அவனுடைய சப்பாத்து இல்லை. அந்தக் கணத்தில்தான் முதல்நாள் விருந்தின் அர்த்தம் விளங்கி எனக்கு முகம் சுட்டது. ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினேன்.

அவன் நடைமேடை வாங்கில் ஒரு சின்னப் பையோடு இருந்தான். அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க அவனருகில் இருந்தேன்.

"நாலு ரயில் போயிட்டுது, அந்தோனி" என்றான். "ஏறேலாமல் இருக்கு. பயமா இருக்கு."

வீட்டுக்குப் போவோம் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

என் தகப்பன், எங்கள் ஐயா, தொண்ணூற்று நாலில் செத்தார். அப்போது என்னிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப்பத்திரம். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். செத்த செய்தி கடிதமாக வந்து சேர ஆறு கிழமை, ஏறக்குறைய ஒன்றரை மாதம், எடுத்தது. அன்று எனக்குப் பின்னேர வேலை. கடிதத்தைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எட்டு மணித்தியாலம் படுக்கை விரிப்புகளை மடித்தேன். இதை நான் என் மனைவிக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. பெஹ்ரூஸுக்குச் சொன்னேன்.

அவன் என் கையைப் பிடித்தான். "நீ என்னை மறிக்க வந்தனி" என்றான்.

"ஓம், அதுக்குத்தான் வந்தனான்."

அடுத்த ரயில் வந்தது. பையை நான் தூக்கினேன். மத்திய நிலையத்தில் விமான நிலைய ரயிலுக்கு நூற்றைம்பது குரோனர், இருபது நிமிடம். அவன் தனியாகப் போகிறேன் என்றான். கதவு மூடும்போது கண்ணாடிக்கு அப்பால் எதையோ சொன்னான், கேட்கவில்லை.

குரோருட்டுக்குத் திரும்பும் வழியில், மன்னனிடம் மிஞ்சிப் போன அந்த ஐம்பது பேர் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். மகீன் கதவிலேயே நின்றாள். "போயிட்டார்" என்றேன். அவள் என்னை ஏசவில்லை. இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் கிடந்து, அவன் எழும்பினதும் சப்பாத்துப் போட்டதும் எல்லாம் தனக்குக் கேட்டதென்று சொன்னாள். எழுந்து மறிக்கத் தனக்கும் மனம் வரவில்லையாம். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அவளுடைய தாய் தகப்பனும் ஈரானில்தான் இருக்கிறார்கள்.

ஞாயிறு காலை ஒஸ்லோவை விட்டுப் புறப்பட்டேன். பெஹ்ரூஸைத் தெஹ்ரான் விமான நிலையத்தில் ஆறு மணித்தியாலம் வைத்து விசாரித்து விட்டுவிட்டார்கள் என்பதும், கடவுச்சீட்டைப் பறித்து இரண்டு மாதம் அலையவிட்டார்கள் என்பதும், அந்த இரண்டு மாதத்தால்தான் தகப்பனின் கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்தான் என்பதும் பிறகு தெரிந்தவை. ரயிலில் இருந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. மலையின் மேலே பனி இன்னும் தடித்திருந்தது. மறுபக்கம் இறங்க இறங்க மழை. பேர்கனில் எப்போதும் அந்த மழைதான்.

எங்கள் நாட்டில் சண்டை நின்று ஒன்றரை வருடமாகியிருந்தது. ஊருக்குப் பாதை திறந்து, பேர்கன் தமிழரில் பாதிப்பேர் போய் வந்துவிட்டார்கள். என்னிடம் நோர்வேக் கடவுச்சீட்டு இருந்தது. என்னை மறிக்க எந்த மன்னனும் இல்லை. வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று எனக்கு நானே குதிரைக்காரரை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை விடுப்புப் பத்திரத்தை நிரப்பிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் பெண் அதைப் பார்த்துவிட்டு, மூன்று கிழமை எங்கே போகிறாய் என்று கேட்டார். நாரந்தனை, என் ஊர் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மீண்டும் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.